மூன்றாவது குழாய்

அக்டோபர் 6

தாழம்பள்ளம் வந்து சேர்ந்தோம். கொடைக்கானலுக்கு அப்புறமும் இவ்வளவு தூரம் மலை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருப்பேன். வழியில் இரண்டு முறை வாந்தி. ஒரு காட்டுமாடு ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றது. நான் வண்டிக்குள் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். சபுருதீன் சிரித்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேற்றுக்குள் குழாய் இறக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. அதனால் அவன் சிரிப்பைப் பொறுத்துக்கொள்கிறேன்.

தங்குவது செல்லக்கிளி அக்கா வீட்டில். மலையடித்தெருவில் கடைசி வீடு. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அக்கா தனியாகப் பூண்டு போடுகிறாள். மகள் நாகஜோதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வயிறு நன்றாக இறங்கிவிட்டது. வீட்டின் பின்சுவரை ஒட்டியே கருமுடி மலை எழும்பிவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. பங்குனியில் பிடித்த தீயில் மேல்சரிவு முழுக்க எரிந்து, வாட்டில் மரங்கள் கருங்குச்சிகளாக நிற்கின்றன. மூன்று வருஷமாக மழையும் சரியில்லையாம்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "தண்ணியே இல்லாத எடத்துல ஏரிய ஆராய வந்திருக்கீங்களாமே, டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

அக்டோபர் 7

கம்பளிக்குள் ஏதோ ஊர்ந்தது. விளக்கைப் போட்டுத் தேடினேன், ஒன்றுமில்லை. இருந்தாலும் அப்புறம் தூக்கம் வரவில்லை.

காலையில் நாகஜோதி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளம் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரி என்று சொன்னேன். வருஷா வருஷம் அடியில் சேறு படிந்தது. அந்தந்தக் காலத்தில் எது விழுந்ததோ அது அந்தந்தப் படிவத்தில் அப்படியே இருக்கிறது: இலை, விதை, மகரந்தம், சிப்பி. சிப்பியும் பெரணி விதைத்தூளும் நிறைய இருந்தால் நல்ல மழைக்காலம். புல்லின் மகரந்தமும் கரியும் இருந்தால் வறட்சி.

"அப்ப அடியில இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு."

"அவ்வளவுதான். எங்க படிப்பு முழுசும் அதுதான்."

"இதுக்கா இத்தன வருஷம் படிச்சீங்க?" என்றாள். பெண் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

அக்டோபர் 9

அட்டை. அட்டை. அட்டை. புகையிலைத்தண்ணீர் தடவியும் ஏறுகிறது. எனக்கு இரத்தம் பார்த்தாலே தலை சுற்றும்.

பள்ளத்தின் நடுவில் முதல் இரண்டு குழாய்களும் நல்லபடியாக இறங்கின. எங்கள் வழக்கம், படிவங்கள் அடுக்குக் கலையாமல் உள்ளே ஏறிய குழாயைச் சேற்றிலிருந்து உருவிய அந்த நிமிஷமே, கீழே வைப்பதற்கு முன், மேல்முனையைப் பார்த்து ஒரு அம்புக்குறி போடுவது. சபுருதீன் மார்க்கரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டே அலைவான். அது இல்லாமல் குழாயைத் தொடவும் விடமாட்டான். சரியான கிறுக்கன்.

மூன்றாவது குழாயை மலையடியில், தெருவுக்குக் கொஞ்சம் கீழே இறக்கினோம். வெளியே எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவன் வண்டியில் தார்ப்பாய் எடுக்க ஓடினான். என் காலுறைக்குள் இரண்டு அட்டை. அங்கே நிற்க என்னால் முடியவில்லை. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நானே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்புக்குறியை வீட்டுக்கு வந்து, ஈரம் துடைத்து, நிதானமாகப் போட்டேன். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அக்டோபர் 12

குழாயை ஆய்வுக்கூடத்தில்தான் பிளக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாவதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கத்தியால் வழித்துச் சுத்தம் செய்தேன். மறுபாதியைச் சுற்றி வைத்துவிட்டேன்.

அடடா! கீழே பொடிமணலில் தொடங்கி, மேலே போகப் போகக் கல் பெரிதாகும் ஒரு தடித்த படிவம். ஒரு காலத்தில் கருமுடி சரிந்து ஏரிக்குள் விழுந்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு மேலே கரி. சுத்தமான கரி, ஒரு விரற்கடை. அதற்கு மேலே பழையபடி சேறு. கல் ஏன் மேலே போகப் போகப் பெரிதாகிறது என்று தெரியவில்லை. விநோதம். பிறகு யோசிக்கலாம்.

அக்டோபர் 13

ஊர்ச் சாவடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியதனக்காரர் அங்குசாமி எழுந்து, "தீப் புடிச்ச மல மழைக்கு எறங்கிரும்னு வாரச் சந்தையில ஒருத்தன் சொல்றான் டீச்சர். எங்க பொம்பளைங்களுக்குத் தூக்கம் இல்ல. நீங்க மண்ணுக்குள்ள பாத்தீங்களாமே, சொல்லுங்க," என்றார்.

இத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து நான் பேசியதே இல்லை. சொன்னேன். மலை முன்னே ஒரு காலத்தில் சரிந்தது உண்மை. தீ அதற்கப்புறம்தான் வந்திருக்கிறது. சரிந்ததுக்கும் தீக்கும் சம்பந்தம் இல்லை. பயப்பட வேண்டாம்.

கூட்டம் கலகலவென்று ஆகிவிட்டது. இரவு அக்கா என் தட்டில் கேட்காமலே ஒரு முட்டை வைத்தாள். "ஒங்க வாய்க்குச் சக்கர போடணும்," என்றாள். சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அக்டோபர் 19

காய்ச்சல். கஷாயம். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 27

எழுத்து சரியாக வராது.

மாதிரி எடுப்பதற்காக இன்று மூன்றாவது குழாயின் மறுபாதியைப் பிரித்தேன். கரியை ஒட்டியிருந்த சேற்றில் சிப்பிகள், விரல்நகம் அளவு. ஐந்து. இரண்டு ஓடும் மூடியபடி, நின்ற நிலையில். உயிரோடு இருந்தபோது சேற்றுக்குள் எப்படி நின்றனவோ அப்படியே மூடிப்போனவை. அழகு என்று நினைத்து லென்ஸை எடுத்தேன்.

சிப்பி தன் காலைச் சேற்றில் கீழ்நோக்கி ஊன்றும். மூச்சு வாங்குகிற முனை மேலே தண்ணீரைப் பார்த்திருக்கும். வேறு விதமாக நின்றால் அது மூச்சடைத்துச் செத்துப்போகும். இந்த ஐந்திலும் கால் இருந்த பக்கம் வானத்தைப் பார்த்து நிற்கிறது.

ஒன்று உருண்டிருக்கலாம். ஐந்தும் ஒரே மாதிரி உருளாது.

குழாய் தலைகீழாக இருக்கிறது.

கல் மேலே போகப் போகப் பெரிதாகவில்லை. பெரிய கல்தான் முதலில் அடியில் விழுந்தது, அப்புறம் சின்னது, அப்புறம் மணல். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்திருக்கும். அப்படியானால் முதலில் கரி. அதற்கு மேலே கல். கரிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு நூல் சேறுகூடக் கிடையாது. ஒரு வருஷம்கூடப் போகவில்லை. சிப்பிக்கு அப்புறம் சேறு இறுகி வறண்டிருக்கிறது, வறட்சியில் காடு எரிந்திருக்கிறது, எரிந்த பிறகு வந்த முதல் பெருமழையிலேயே மலை இறங்கியிருக்கிறது.

பின்சுவர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆண்டவரே, நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 28

சபுருதீனிடம் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்தான். அம்புக்குறி போடாமல் குழாயை விட்டுவிட்டு நீ ஏன் ஓடினாய் என்று கத்தினேன். தார்ப்பாய் எடுக்க நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

ஆய்வுக்கூட இயக்குநருக்குப் போன் செய்தேன். "ஒரு குழாயை வச்சு என்ன முடிவு சொல்ல முடியும், கிளாடிஸ்? ஊருக்குள்ள பீதியைக் கிளப்பாதீங்க. இங்க வந்ததும் பேசுவோம்," என்றார்.

ரேடியோவில் வங்கக்கடலில் காற்றழுத்தம் என்கிறார்கள்.

அக்டோபர் 30

சாவடியில் மறுபடி நின்றேன். நான் சொன்னது தப்பு, தீ முதலில், சரிவு பிறகு, இந்த மழை நிற்கும்வரை மலையடித்தெருவில் யாரும் இருக்கக் கூடாது, எல்லாரும் பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றேன்.

"அன்னைக்கி பயப்படாதீங்கன்னு சொன்னது யாரு?" என்றார் அங்குசாமி.

"நான்தான். குழாயைத் தலைகீழா வச்சுப் பார்த்துட்டேன்."

சிரித்தார்கள். என்னமாய்ச் சிரித்தார்கள்! ஒருத்தர், "இப்ப நேரா வச்சிருக்கீங்களா, இல்ல நாளைக்கி மறுபடி திருப்புவீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். அழுகை வந்தது.

வீட்டில் அக்கா பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டே, "பிள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்க வயித்துலயே நெருப்பக் கட்டுறீங்களே," என்றாள்.

"எக்கா, அதுக்குத்தானே சொல்லுகேன்," என்றேன். எங்கள் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிட்டது. அக்கா கதவைச் சாத்தினாள்.

அக்டோபர் 31

நாகஜோதி என் அறைக்கு வந்தாள். சிப்பியைக் காட்டச் சொன்னாள். லென்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"செத்தப்புறம் பொரண்டிருக்காதா?"

"ஒண்ணு பொரளும். அஞ்சும் ஒரே பக்கமாவா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அம்மாவிடம், "நான் பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்துக்கறேன். வந்தா வா, வராட்டி இரு," என்றாள்.

வீட்டில் பிரளயம். நான் அறைக்குள்ளேயே இருந்துகொண்டேன். கோழை என்றால் கோழைதான்.

நவம்பர் 1

மழை தொடங்கிவிட்டது. நாகஜோதி பாயைச் சுருட்டிக்கொண்டு குடையோடு மேடேறிவிட்டாள்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் வெளியிடத்தில் தனியாகப் படுக்கக் கூடாது. பங்காளி வீட்டுப் பெண்கள் வீட்டுக்கு ஒருத்தராவது கூடப் படுக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்கு ஆகாது. மலையடித்தெரு முழுக்கப் பங்காளிகள்தான். அக்கா திட்டிக்கொண்டே போனாள். அவள் பின்னால் ஓரகத்திகள், நாத்தனார்கள், அவர்களோடு குழந்தைகள். மூன்று கல்லைக் கூட்டிப் பள்ளிக்கூட வராண்டாவில் உலை வைத்துவிட்டார்கள்.

இருட்டுவதற்குள் ஆண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அங்குசாமி கடைசியாக வந்தார். என்னைப் பார்த்து, "ஒங்க பேச்சக் கேட்டு வரல. சோறு இங்கதான இருக்கு," என்றார்.

எதற்காக வந்தால் என்ன! நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். சபுருதீன் எல்லாருக்கும் தண்ணீர் சுமந்தான்.

நவம்பர் 3

மழை விட்டுவிட்டது. மலை அப்படியே இருக்கிறது. வெயில்கூட அடித்தது.

ஆண்கள் முணுமுணுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஈரம், கொசு, ஒரே ஒரு கழிப்பறை. ஒருத்தர் என் காதுபட, "சிப்பிக்கு மூச்சு முட்டுச்சாம், அதுக்கு நாம குடி கெளம்பணுமாம்," என்றார். பலர் பகலில் தெருவுக்குப் போய்ப் படுத்து எழுந்து வருகிறார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் மேடேறுகிறார்கள். நாகஜோதி அசையமாட்டேன் என்கிறாள். அவள் அசையாததால் பெண்களும் அசையவில்லை, உலையும் அசையவில்லை.

எனக்கு இரண்டு பயமும் சேர்ந்து வருகிறது. மலை இறங்கிவிடுமோ என்று ஒன்று. இறங்காமலே போய், இனி நிஜமாக இறங்கும்போது யாரும் நம்பமாட்டார்களோ என்று இன்னொன்று. இறங்கினால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். சீ.

நவம்பர் 5

இதை எழுதி முடிக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னாலிருந்தே பேய்மழை. காலையில் அக்காவைக் காணவில்லை. விதைப்பூண்டு அடுப்புப் பரணில் கிடக்கிறது, நனைந்தால் அடுத்த போகமே இல்லை, அதை எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். சபுருதீன் தண்ணீருக்குப் போயிருந்தான். யாரையாவது போகச் சொன்னேன். "வந்துருவா டீச்சர்," என்றார்கள். நாகஜோதி என்னைப் பார்த்தாள்.

நான் போனேன். எப்படிப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து சறுக்கினேன். அட்டை ஏறியதா என்றுகூடப் பார்க்கவில்லை.

தெருவை ஒட்டி ஓடுகிற ஓடையில் தண்ணீர் இல்லை. இவ்வளவு மழையில் ஓடை வற்றியிருந்தது. மேலே எங்கேயோ எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அக்கா பரணில் ஏறி நின்று பூண்டுக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். பின்சுவரில் தரையோரமாகத் தண்ணீர் கசிந்தது. "எக்கா வாங்க, ஓடை நின்னுபோச்சு, வாங்க," என்றேன்.

"இன்னும் நாலு கட்டுத்தான். நீங்க போங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. போகவும் முடியவில்லை, அவளை இழுக்கவும் முடியவில்லை. குழந்தை மாதிரி அழுதேன்.

அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அட கடவுளே! என்ன டீச்சர் இது, இப்பிடி நடுங்குறீங்க?" கீழே இறங்கி என் நெற்றியைத் தொட்டாள். "இந்த லட்சணத்துல என்னக் கூப்புட வந்தீங்களாக்கும். எந்திரிங்க, ஒங்களக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து மிச்சத்த எடுத்துக்கறேன்," என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாள். மேடு முழுக்கத் திட்டிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

வராண்டாவில் இலை போட்டிருந்தார்கள். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு வா சாப்பிட்டுப் போ," என்று யாரோ அக்காவை உட்கார வைத்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது லாரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்கவே இல்லை. தரை அதிர்ந்தது. எல்லாரும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தோம்.

மலையடித்தெரு இல்லை. முதல் வீடும் இல்லை, கடைசி வீடும் இல்லை. கல், சேறு, கருகின வாட்டில் மரங்கள். பெரிய கற்கள் அடியில், அதன்மேல் சேறு வழிந்து மூடிக்கொண்டிருந்தது.

ஒருத்தரும் சாகவில்லை. எல்லாரும் இங்கே இருந்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணினார்கள்.

அக்கா கையில் சோற்றோடு அப்படியே நின்றாள்.

நவம்பர் 6

சபுருதீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்," என்றான்.

நவம்பர் 10

நாகஜோதிக்குப் பெண் குழந்தை. பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பறையில், நர்ஸம்மா வந்து பார்த்துக்கொண்டார்கள். குழந்தை நல்ல கருப்பு, நல்ல குரல்.

ஊரில் யாரும் இப்போது என்னைக் கிண்டல் செய்வதில்லை. நான் வந்தால் எழுந்து நிற்கிறார்கள். பிடிக்கவில்லை.

நவம்பர் 14

அரசாங்கத்தில் வீடு கட்டித் தருகிறார்களாம். இடத்தை ஊரே காட்ட வேண்டுமாம். பள்ளிக்கூட மேட்டில் கட்ட முடியாது. பாறை, தண்ணீரும் கிடையாது. இந்தப் பள்ளத்தை விட்டு வெளியே போகவும் ஒருத்தருக்கும் சம்மதமில்லை. பூண்டு வேறெங்கே விளையும் என்கிறார்கள்.

காலையில் ஊரே என்னைத் தேடி வந்தது. கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார்கள். அங்குசாமி மஞ்சள் தடவிய முளைக்குச்சி ஒன்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். சபுருதீன் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள்.

"நீங்களே அடிங்க டீச்சர். நீங்க எங்க அடிக்கிறீங்களோ அங்க கட்டிக்கறோம். ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

வாங்கிக்கொண்டேன். நான் வாங்கியிருக்கக் கூடாது. மேற்கே பார்த்தேன், கிழக்கே பார்த்தேன். இந்த வாரம் சபுருதீனும் நானும் இரண்டு கரையிலும் புதிதாகக் குழாய் இறக்கி, பழையவற்றையும் சேர்த்துப் பிளந்து பார்த்துவிட்டோம். பள்ளத்தின் இந்தக் கரை, அந்தக் கரை, நடு, எல்லாவற்றிலும் கல் இருக்கிறது. எல்லாவற்றிலும் கரி இருக்கிறது. ஏரியைச் சுற்றி எல்லா மலையும் ஒரு காலத்தில் இல்லையென்றால் இன்னொரு காலத்தில் இறங்கியிருக்கிறது. எது எப்போது என்று எனக்குத் தெரியாது. இரண்டு குழாய்க்கு நடுவில் கல் விழாத இடம் இருக்கலாம். இருக்கிறதா என்றும் தெரியாது.

அன்றைக்குச் சாவடியில் சிரித்தார்கள் அல்லவா, அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கு ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. நான் காலால் ஒரு இடத்தைத் தொட்டால் போதும், அங்கே இருபது வீடு எழும்பிவிடும். இவ்வளவு பயம் எனக்கு அந்தப் பின்சுவருக்கு எதிரேகூட வரவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அங்குசாமிக்குப் புரியவில்லை. "தெரியாதுன்னா? மலைக்குள்ள இருக்கறதே ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சே."

"அது தெரிஞ்சுது. இது தெரியாது."

செல்லக்கிளி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முளைக்குச்சியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன், அதுவும் செய்யவில்லை. என் விரல்களை அந்தக் குச்சியின் மேல் மடக்கி வைத்து, தன் கையால் ஒருமுறை அழுத்தினாள்.

"அவங்களுக்குத் தெரியறப்ப அடிப்பாங்க," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "அதுவரைக்கும் இருப்போம். வாங்க, சாப்பிடப் போலாம்."

எல்லாரும் ஒரு வார்த்தை பேசாமல் மேடேறிப் போனார்கள்.